மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தும் மாறிவிட்டதா?

நிபோங் திபால்: வழக்கமாக வாங்கும் மருந்துப் புட்டி இம்முறை வேறு பெயரில் கைக்கு வருகிறது. மாத்திரையின் நிறமும் வேறு, வடிவமும் வேறு. இனிப்பு நீர் மருந்தாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டி, "உங்களுக்கும் இதைத்தான் கொடுத்தார்களா?" என்று கேட்டுவிடலாம். எச்.ஐ.வி. மருந்தை யாரிடம் காட்டிக் கேட்பது?

பைராம், கலிடோனியா எனத் தோட்டப் பெயரைச் சொல்லியே ஆளை அடையாளம் காணும் வட்டாரம் இது. ஒருவர் மருந்து சாப்பிடுவது தெரிந்தால் நான்கு வீடுகளுக்குத் தெரிய நேரமாகாது. அந்த அச்சத்தில் புட்டியின் லேபிளைக் கிழித்துவிடுவதும், மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைப்பதும் நடக்கக்கூடியவை. பெயரே இல்லாத டப்பாவில் நிறம் மட்டுமே அடையாளமாக மிஞ்சுகிறது. அந்த நிறமும் மாறும்போது, "இது மலிவு மருந்து, போலி மருந்து" என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. சிலர் மருந்தையே நிறுத்திவிடும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் 'மலிவு மருந்து' என்ற பேச்சைப் பார்ப்போம். முதலில் கண்டுபிடித்த நிறுவனம் தன் வணிகப் பெயரில் விற்கும் அதே மூலப்பொருளை, அதே அளவில், வேறு நிறுவனம் தயாரித்தால் அது பொதுப்பெயர் மருந்து, அதாவது ஜெனரிக். நிறம், வடிவம், மேலே பொறித்த எழுத்து ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எந்த நிறுவனத்திடம் கொள்முதல் செய்யப்படுகிறதோ, அதன் மாத்திரையே மருந்தகத்துக்கு வரும்.

இந்த ஜெனரிக் மருந்துகள் இல்லாவிட்டால் நம் நாட்டில் இத்தனை பேருக்குச் சிகிச்சை எட்டியிருக்காது. 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒருவருக்கான கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவானது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2003 நவம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் 'அரசாங்கப் பயன்பாட்டு' அதிகாரத்தைப் பயன்படுத்தி, டைடனோசின், சிடோவுடின், லாமிவுடின்-சிடோவுடின் கூட்டு மாத்திரை ஆகியவற்றை அதே சிப்லாவிடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு வரவழைத்தது. ஒரு நோயாளிக்கான மாதச் செலவு சுமார் 315 டாலரிலிருந்து 58 டாலராக இறங்கியது. 2006 முதல் முதல்நிலைச் சிகிச்சை அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமானது. மருந்துக் காப்புரிமை பற்றி உலக அளவில் குரல் கொடுத்துவரும் மூன்றாம் உலக இணையம் இயங்குவதும் நம் பினாங்கிலிருந்துதான்.

அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாது என்பதில்லை. 2004இல் உலகச் சுகாதார நிறுவனம் சிப்லாவின் இரண்டு எச்.ஐ.வி. மருந்துகளைத் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்தது. அவை மூல மருந்துக்கு நிகராக உடலில் வேலை செய்கின்றனவா என்று பார்த்த வெளி ஆய்வுக்கூடத்தின் பதிவுகள் சரியில்லை என்பதே காரணம். மறு ஆய்வுக்குப் பின், அதே ஆண்டு இறுதியில் அவை பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டன. கண்காணிப்பு வேலை செய்தது என்பதற்கு அதுவே சான்று.

ஆக, மாத்திரையை அடையாளம் காண நிறத்தை நம்பக் கூடாது. பார்க்க வேண்டியவை இவை:

மூலப்பொருளின் பெயரும் மில்லிகிராம் அளவும். எடுத்துக்காட்டாக, பல நாடுகளில் இன்று பரவலாகக் கொடுக்கப்படும் ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கும். வணிகப் பெயர் மாறினாலும் இந்தப் பெயர்களும் எண்களும் மாறவில்லை என்றால் மருந்து அதேதான். மாறியிருந்தால் மருந்தாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண். மலேசியாவில் பதிவான மருந்துகளுக்கு இந்த எண் உண்டு. இதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

காலாவதித் தேதியும் மாத்திரையின் நிலையும். 2011இல் கென்யாவில் போலி எச்.ஐ.வி. மருந்து பிடிபட்டபோது, மாத்திரைகள் நிறம் மங்கி, பூஞ்சை பிடித்து, பொடியாக உதிர்ந்தன. அப்படி இருந்தால் விழுங்காமல் மருந்தகத்துக்கே கொண்டு போக வேண்டும்.

லேபிளை மறைக்கத்தான் வேண்டும் என்றால், கிழிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. திடீரென்று அவசரப் பிரிவில் சேர நேர்ந்தால் அந்தப் படம் உதவும். மாத்திரையை மட்டும் பழைய புட்டியிலேயே மூடி வைப்பது நல்லது. ஈரக் காற்று அதைக் கெடுக்கும்.

அடுத்தது பக்கவிளைவு. ஜெனரிக் என்பதால் பக்கவிளைவு வருகிறது என்பது பரவலான தவறான எண்ணம். மூலப்பொருள்தான் முக்கியக் காரணம். அசல் வணிகப் பெயர் மருந்திலும் அதே விளைவு வரும். எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் விசித்திரக் கனவுகளும் தரும். படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் எடுத்தால் தொல்லை குறையும், பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிடோவுடின் இரத்தச்சோகை உண்டாக்கலாம். டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை தேவை. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எடையைக் கூட்டும். வயிற்றுப் புளிப்பு மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கும். அது இனிப்பு நீர் மருந்தான மெட்ஃபார்மினின் அளவை உடலில் கூட்டும். இந்த மருந்துகளை எடுப்பவர்கள் மருந்தாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. காய்ச்சலோடு தோல் தடிப்பு, வாய்ப்புண், தோல் உரிதல், கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபாகாவிர் ஒவ்வாமையால் நிறுத்தப்பட்டவர் அதை ஒருபோதும் மீண்டும் எடுக்கக் கூடாது.

மற்றபடி, தானாக நிறுத்துவதுதான் பெரிய இழப்பு. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து கேட்காது. ஹெப்பாடைடிஸ் பி உள்ளவர் டெனோஃபோவிரைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் பாதிப்பு கடுமையாகலாம். மாறாக, ஒழுங்காகச் சாப்பிட்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை நீடித்தால், உடலுறவின் வழி துணைக்குத் தொற்றாது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

மருந்து தோட்டத்து வாசல்வரை வந்துவிட்டது. அதைப் பற்றி வாய்திறந்து கேட்கும் துணிவுதான் இன்னும் வரவில்லை. மருந்தக முகப்பில், "இது போன மாத மருந்துதானா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் வெட்கப்படாமல் வீடு திரும்ப வேண்டும். அதற்கு மருத்துவர் மட்டும் போதாது. அக்கம்பக்கத்தாரும் கொஞ்சம் மாற வேண்டும்.