பெயர் நமது; படகு?

அவுஸ்திரேலியாவில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் கிருலப்பனை இல்லத்துக்கு வந்திருந்தார். தம் ஓருடற் பாய்ப்படகை விற்று, 'கற்றமறான்' எனும் ஈருடற் படகு வாங்கி, மனைவி மக்களோடு பெருங்கடல் செல்ல எண்ணம். "பெயரே தமிழல்லவா, ஐயா!" என்றார்.

பெயர் நம் கட்டுமரத்தினின்று பிறந்ததே. ஆயின் கட்டுமரம் மரங்களைப் பிணித்த மிதவை. ஈருடல் வடிவமோ பசிபிக் தீவினர் மரபு. அது அதிகம் சாயாது. ஆழமற்ற நீரிலும் புகும். ஆனால், மிகுசுமை அதற்கு ஆகாது. கவிழ்ந்தால் தானே நிமிராது. அடிக்கனமுள்ள ஓருடற் படகோ சாய்ந்தாலும் நிமிரும். வல்வெட்டித்துறை அன்னபூரணி 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்ததும் ஓருடலோடுதான்.

"தம்பி, உள்ளதையே வைத்துக்கொள்ளும்" என்றேன். தமிழாசிரியனா இவ்வாறு சொல்வது என வியந்தார். சொல்லைப் போற்றுபவன் பொருளை மறத்தல் தகுமோ?