'வயிற்று வலி' என்று முடிந்துபோகும் சாவுகள்: பிள்ளைகளிடம் நேராகக் கேட்க வீட்டில் பயம்

குயிலாப்பாளையம்,

"தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த மாணவி, வாழ்க்கையில் வெறுப்படைந்து..." இப்படி ஆரம்பிக்கும் செய்தியை மாலைப் பத்திரிகை படிப்பவர்கள் எத்தனை தடவை படித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பெற்றோர் போலீசில் கொடுக்கும் புகாரில் அப்படித்தான் இருக்கும். பத்திரிகையும் அதையே போட்டுவிடும். அக்கம்பக்கத்துக்கும் அந்தக் காரணம் போதும். கேஸ் முடிந்தது.

அந்த வயிற்று வலி பல நேரம் பொய்யும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. மனச்சோர்வு நோய் பிடித்த 13, 14 வயசுப் பிள்ளை "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லத் தெரியாது. தலை வலிக்குது, வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகல என்றுதான் சொல்லும். வீட்டில் மெடிக்கல் ஷாப் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். கடன் வாங்கி ஸ்கேன்கூட எடுப்பார்கள். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வரும். "சும்மா நடிக்குது" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள்.

அதிர வைத்த வேலூர் கணக்கு

போலீஸ் புகாரை நம்பாமல் ஊர் ஊராக விசாரித்தால் என்ன தெரியும் என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் காட்டினார்கள். கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10 வருஷம், 10 வயசில் இருந்து 19 வயசு வரை இறந்தவர்களின் சாவுக்குக் காரணம் என்ன என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2004-ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் அந்த விவரம் வந்தது. லட்சம் பெண் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 148 பேர், லட்சம் ஆண் பிள்ளைகளுக்கு 58 பேர் தற்கொலை. அந்த வயசில் இறந்த பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்படிப் போனவர்கள். காய்ச்சல், விபத்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கணியம்பாடி ஒன்றும் வேறு உலகம் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் இருந்து குயிலாப்பாளையம் முந்திரிக்காடு வரைக்கும் உள்ள ஊர்கள் மாதிரிதான் அதுவும். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிவிடுகிறார்கள். மீன்பிடி வீட்டிலும் அதே கதை. பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது, சாப்பிட்டதா, ராத்திரி தூங்கியதா என்று பார்க்க ஆள் இல்லை. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்பா, அம்மா வீட்டில் இருப்பார்கள். கடன்காரன் பேச்சும் குடிச் சண்டையும் கூடவே இருக்கும். எல்லாவற்றையும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைதான்.

'திமிர்' என்று நினைப்பது

பெரியவர்களுக்கு வந்தால் அழுகை, சோகம் என்று தெரியும். பிள்ளைகளுக்கு இது கோபமாகவும் வரும். எதைச் சொன்னாலும் எரிந்து விழுவது, தட்டைத் தள்ளிவிடுவது, கதவைச் சாத்திக்கொள்வது. "வயசுத் திமிர், நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்பார்கள். அடி வாங்கும் அந்தப் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ஒருநாள் கோபம் யாருக்கும் வரும். 2 வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் சும்மா விடக்கூடாது. உயிராக விளையாடிய கபடியை விட்டுவிடுவது, கூட்டாளிகளிடம் பேசாமல் இருப்பது, தூக்கம் கெடுவது, மார்க் திடீரென்று இறங்குவது எல்லாம் அடையாளம். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொல்வது, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுப்பது இன்னும் மோசமான அடையாளம். முன்பு ஒரு தடவை முயற்சி செய்து காப்பாற்றப்பட்ட பிள்ளை என்றால் எல்லாவற்றையும் விட ஆபத்து அதிகம். ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் கண் கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய நேரம். நம்ம பக்கத்தில் அந்த நேரத்தில்தான் "இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பரீட்சை ரிசல்ட் அன்றைக்கு மட்டும் எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. பெயிலானவர்களுக்கு உடனடித் துணைத்தேர்வும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் ரிசல்ட் ஒருநாள்தானே, மீதி 364 நாள்? தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்க 13 ஆயிரத்து 44 மாணவ, மாணவிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். அத்தனை பேரும் பரீட்சைக்காகப் போனவர்கள் இல்லை.

கேட்டால் தூண்டிவிட்டது ஆகுமா?

"சாகணும்னு தோணுதான்னு நாமளே கேட்டா, இல்லாத நினைப்பை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" பெற்றவர்கள், வாத்தியார்கள் எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. இந்தப் பயத்தை அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாகாணத்தில் 6 பள்ளிகளில் 2 ஆயிரத்து 342 மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டார்கள். 2 நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. 2005-ல் வெளிவந்த முடிவு இது. 20 வருஷம் ஆகியும் நம்ம ஊர் வாசல்படிக்கு வந்து சேரவில்லை.

கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தனியாக உட்கார வைத்து, "ரொம்பக் கஷ்டமா இருக்கா கண்ணு? செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்கலாம். அம்மாவால் முடியாவிட்டால் சித்தியோ, மாமாவோ, பிள்ளைக்குப் பிடித்த டீச்சரோ கேட்கட்டும். "ஆமா" என்று சொன்னால் திட்டக்கூடாது, சத்தியம் வாங்கக்கூடாது, "எங்களை நினைச்சுப் பார்த்தியா" என்று அழக்கூடாது. "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஆமா என்றால் அந்த நிமிஷத்தில் இருந்து தனியாக விடக்கூடாது. வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பூச்சிமருந்தை அப்புறப்படுத்துவது சின்ன விஷயமாகத் தோன்றும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் கிராமத்துக்குப் பொதுவாக ஒரு கிடங்கு கட்டி, பூட்டுப் போட்ட பெட்டிகளில் மருந்தை வைக்கச் செய்து பார்த்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. ஆத்திரம் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது.

போலீஸ் பயம் இன்னொரு தடை. "கேஸ் ஆயிடும்" என்று பயந்து டாக்டரிடமே பொய் சொல்கிறவர்கள் உண்டு. 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டப்படி, முயற்சி செய்தவரைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும். பழைய 309-வது பிரிவும் 2024 ஜூலை 1-ந் தேதியோடு போய்விட்டது. டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

குயிலாப்பாளையம்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். மற்றவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போக முடியாத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசின் 104-ம் உண்டு. சென்னையில் 1986-ல் இருந்து இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பிள்ளைதான் பேச வேண்டும் என்று இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும் அப்பா, அம்மாவும் பேசலாம்.