புதுப் படகில் உரிமையாளரின் கை படட்டும்

நியூசிலாந்தில் படகை ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்குப் பதிவு வேண்டும், சாலைத் தகுதிச் சான்று வேண்டும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப் படகுக்கோ கட்டாயப் பதிவும் இல்லை, ஆண்டுச் சோதனையும் இல்லை. ஓட்டுபவருக்கு உரிமமும் தேவையில்லை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது போன்ற விதிகள் உண்டு. மற்றபடி படகின் நிலைமைக்கும் அதில் இருப்போரின் உயிருக்கும் உள்ள பொறுப்பைச் சட்டம் படகைச் செலுத்தும் ஸ்கிப்பரின் தலையில் வைத்துவிடுகிறது. கார் ஓட்ட எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் முடித்தாக வேண்டிய ஊரில், ஒருவர் படகை வாங்கிய அன்று மாலையே ஆக்லாந்தின் ஹௌராகி வளைகுடாவில் இறங்கிவிடலாம். தேர்வே இல்லாத இந்த ஏற்பாட்டில், புதுப் படகை உரிமையாளரே தன் கையால் பொருத்தி முடிப்பதுதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான தேர்வு என்பது என் வாதம். பணம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரியான சாமான்களை வாங்கினால் மிச்சம் பெரிதாக இருக்காது.

மே மாதம் ஆக்லாந்தின் கிரீன்லேனில் நடக்கும் படகுக் கண்காட்சியில் எல்லாம் ஒரே விலைக்குள் கிடைக்கும். அலுமினியப் படகு, அதற்கேற்ற அவுட்போர்டு எஞ்சின், டிரெய்லர், ஃபிஷ் ஃபைண்டர், வானொலி, தூண்டில் கம்புகளைச் செருகும் குழாய்கள் என எல்லாவற்றையும் பூட்டி, சாவியைக் கையில் கொடுப்பார்கள். வாங்குபவருக்கு அது வசதி. ஆனால் அந்தப் படகில் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எதைக் காக்கிறது, எரிபொருள் வடிகட்டியைக் கழற்ற எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்பது பொருத்திய தொழிலாளிக்குத்தான் தெரியும். நடுக்கடலில் அவர் இருக்கமாட்டார். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் அறக்கட்டளையான கோஸ்ட்கார்டு, உதவி கேட்கும் படகுகளை நோக்கி வார இறுதிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த அழைப்புகளில் பெரும்பாலானவை புயலாலோ மோதலாலோ வருவதில்லை; பேட்டரி இறங்கிவிட்டது, எஞ்சின் கிளம்பவில்லை, எரிபொருள் தீர்ந்தது போன்ற சாதாரணக் கோளாறுகளால் வருபவை. சிறு கோளாறு என்று அதை ஒதுக்க முடியாது. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் இழுக்கும்போது இந்த வளைகுடாவில் குட்டையாகவும் செங்குத்தாகவும் அலை எழும்பும். எஞ்சின் நின்ற படகு அதில் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் நிமிடங்களில் நிலைமை கைமீறும்.

மின்கம்பி வேலையையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்தானே என்று பலரும் அலட்சியம் செய்வது இங்கேதான். பேட்டரி பின்னால் இருக்கும், வானொலி முன்னால் இருக்கும். 25 வாட் வி.எச்.எஃப். வானொலி பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். கம்பி மெல்லியதாக இருந்தால், போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் மின்னழுத்தம் விழுந்துவிடும். கேட்பதற்குக் குறைந்த மின்சாரம் போதும் என்பதால் கரையில் சோதிக்கும்போது வானொலி நன்றாகவே வேலை செய்வதாகத் தோன்றும். 16-ஆம் சேனலில் உதவி கேட்டு அழுத்துகிற அந்த நேரத்தில்தான் குரல் போகாது. முக்கியமான இணைப்புகளில் மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பேட்டரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் படகுத் தரக் குழு வகுத்த அளவுகளைப் படகு மின்வேலை செய்பவர்கள் எங்கும் அறிவார்கள். கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்கிக் கணக்குப் போட்டு, வெள்ளீயப்பூச்சு உள்ள செம்புக் கம்பியைத் தேர்ந்து, முனையை அழுத்திப் பிடித்து, பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடி, இரு முனைகளிலும் எண் ஒட்டியவருக்கு, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் எந்த இணைப்பைத் தொட வேண்டும் என்பது யோசிக்காமலே தெரியும். கையேட்டைப் படித்து இந்தத் தேர்ச்சியைப் பெற முடியாது.

மீன் காட்டும் கருவியின் உணரியைப் பின்பலகையில் எங்கே வைப்பது என்பதும் அப்படித்தான். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் விளிம்புகளுக்கு நேர் பின்னால் வைத்தால் அவை கிளப்பும் காற்றுக் குமிழி வேகமெடுத்ததும் படத்தைக் கலைத்துவிடும். வலப்பக்கமாகச் சுழலும் புரொப்பெல்லரின் இதழ்கள் வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்குகின்றன. அதனால் அந்தப் பக்கம் குமிழி குறைவு, உணரியை அங்கே வைப்பதே வழக்கம். அலுமினியத்தில் நேரடியாகத் துளையிடாமல் ஒரு பிளாஸ்டிக் கட்டையை ஒட்டி அதில் திருகுவது இன்னும் நல்லது. இடம் சரியில்லை என்றால் படகைப் புண்ணாக்காமல் மாற்றலாம். துளையிட்டுத்தான் ஆக வேண்டிய இடங்களில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு நேரே அலுமினியத்தைத் தொட்டால், உப்புநீர் பட்டதும் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும். சில மாதங்களில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அரிபடுவது எஃகு அல்ல, படகு. காப்புப் பசையும் நைலான் வாஷரும் போட்டால் இதைத் தடுக்கலாம், அதற்குத் திருகு ஒன்றுக்குச் சில நொடிகள்தான் ஆகும். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளை முடித்தாக வேண்டிய பட்டறையில் அந்தச் சில நொடிகள் தப்பிப்போக வாய்ப்புண்டு. தன் படகுக்குச் செய்பவர் அதைத் தப்பவிடமாட்டார்.

ஆக்லாந்து இரண்டு கடல்களுக்கு நடுவே இருக்கும் நகரம். கிழக்கே வைட்டமட்டா துறைமுகத்திலிருந்து இறங்கினால் ரங்கிட்டோட்டோ, ராக்கினோ என்று தீவுகளின் மறைவில் மீன்பிடிக்கலாம். துணிந்தவர்கள் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிரேட் பேரியர் தீவுவரை போவார்கள். மேற்கே மனுகாவ் துறைமுகத்தின் வாயில் மணல்திட்டு. 1863 பிப்ரவரி 7 அன்று ஆர்ஃபியஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்கே தட்டி, 189 பேர் இறந்தார்கள். இந்நாட்டின் மிகப் பெரிய கடல் விபத்து இன்றளவும் அதுதான். தீவு மறைவில் நங்கூரம் போட்டு ஸ்னாப்பர் பிடிப்பவருக்கும் மணல்திட்டைத் தாண்டிப் போகிறவருக்கும் ஒரே விதமாகப் பொருத்திய படகு எப்படிச் சரிப்படும்? முன்னவருக்கு நங்கூரத்தை ஏற்றி இறக்கும் மோட்டாரும் அகலமான இரைப் பலகையும் முக்கியம். பலகையின் ஓரத்தில் 30 சென்டிமீட்டர் அளவைச் செதுக்கி வைத்தால் அவருக்குப் பெரிய உதவி. 2014 முதல் கிழக்கே உள்ள இந்தப் பகுதியில் ஸ்னாப்பருக்குக் குறைந்தபட்ச அளவு அது, ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு மீன்தான் உச்சவரம்பு. பின்னவருக்கு எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டும் வளையங்களும், நின்றபடி பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளும், தளத்து நீர் சட்டென வெளியேறும் வழிகளும் முக்கியம். கடை வைத்திருக்கும் ஒரே பட்டியலால் இந்த இருவருக்கும் பொருத்தமாகச் செய்ய முடியாது. நல்ல மாற்றங்கள் பயன்படுத்துகிறவர்களிடமிருந்தே வந்திருக்கின்றன. 1987-இல் இன்வர்கார்கிலில் தொடங்கிய ஸ்டாபிகிராஃப்ட், தெற்கே பாவா சிப்பி எடுக்க மூழ்குபவர்களின் தேவைக்குத்தான் காற்றுக் குழாய் விளிம்புள்ள அலுமினியப் படகைக் கட்ட ஆரம்பித்தது. ஆழமில்லாத ஆறுகளில் ஓட்ட வேண்டும் என்பதற்காக ஜெட் படகை 1950களில் உருவாக்கிய பில் ஹாமில்டன் பண்ணைக்காரர்.

தமிழ்க் கரைக்கு இது புதிய பாடம் அல்ல. கட்டுமரத்தை மீனவர் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயவைத்து, மறுமுறை கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டினார். ஒவ்வொரு முறையும் முடிச்சைத் தன் கையால் போட்டவர் அவர். தளர்ந்தது எது என்பது அவருக்குத் தெரியும். 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே பிளைவுட் படகுகளை வடிவமைத்தபோது, வரைபடத்தில் சரியாக இருந்த பல அம்சங்கள் மீனவர்கள் ஓட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு மாறின; அந்தப் பாட்டையெல்லாம் அவர் 1985-இல் ஒரு நூலாகவே எழுதினார். இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. கொடுத்த மனம் நல்ல மனம். ஆனால் அவசரத்தில் வார்க்கப்பட்ட பல படகுகள் தரமற்றவை என்று அப்போதே மீன்வள நிபுணர்கள் எச்சரித்தார்கள். ஓட்டப்போகிறவரைப் பொருத்தும் வேலையிலிருந்து விலக்கிவைத்தால், குறை கண்ணில் படுவது கடலில் இறங்கிய பிறகுதான்.

இதற்கு வரும் வலுவான எதிர்வாதம் பாதுகாப்பைப் பற்றியது. அரைகுறை அறிவோடு படகில் கை வைப்பவர் தீயை வாங்கிக் கட்டிக்கொள்வார் என்கிறார்கள். உண்மைதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் தங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் நீயே செய் என்று நான் சொல்லவில்லை. உள்ளே புதைந்த எரிபொருள் தொட்டியும் அதன் குழாய்களும், சமையல் எரிவாயுவும், கரையிலிருந்து எடுக்கும் 230 வோல்ட் மின்சாரமும், நீர்மட்டத்துக்குக் கீழே துளையிடுவதும், வெல்டிங்கும் உரிய தகுதி பெற்றவர்களின் வேலை. எஞ்சினைப் பூட்டுவதையும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் விட்டால்தான் உத்தரவாதம் நிற்கும். உரிமையாளர் பக்கத்தில் நின்று, எஞ்சினின் நீர்மட்டத் தகடு படகின் அடிக்கோட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வெளியில் கொடுத்தால் தீ வராது என்பதும் தவறான நம்பிக்கை. பொருத்தியவர் யாராக இருந்தாலும் படகு ஓயாமல் குலுங்கும், திருகு தளரும், கம்பி உரசும். அதை மாதா மாதம் திறந்து பார்க்கும் கண் உரிமையாளருடையதாகத்தான் இருக்க முடியும். தான் பார்க்காத வேலையில் தளர்வைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் பாரத்தைப் பற்றியது. என் பார்வையில் இதுதான் முதலாவதைவிடக் கனமானது. ஆசைக்கு எல்லையில்லை. உயிர் இரைத் தொட்டி 60 லிட்டர் என்றால் நிரம்பியதும் 60 கிலோவுக்கு மேல், அதுவும் அசைந்தாடும் பாரம். இரண்டாவது பேட்டரி, துணை எஞ்சின், கூரைமேல் வரிசையாகத் தூண்டில் கம்புகள் என்று சேரச் சேரப் பின்பக்கம் தாழும், ஈர்ப்பு மையம் ஏறும். 2012 மார்ச் 15 அன்று நாட்டின் தெற்கே ஃபோவோ நீரிணையில் ஈஸி ரைடர் என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஏற்றிய பாரத்தோடு அந்தப் பயணத்துக்குத் தேவையான நிலைத்தன்மை அதற்கு இல்லை என்பது விசாரணை ஆணையத்தின் முடிவு. அது வணிகப் படகு, சூழ்நிலையும் வேறு. ஆனால் பாரத்தின் கணக்கு ஆறு மீட்டர் அலுமினியப் படகுக்கும் பொருந்தும். இந்தக் கணக்கைப் போடத் தானே பொருத்துவதுதான் சரியான வாய்ப்பு. திருகும் முன்பு அமைதியான நீரில் படகை இறக்கி, வைக்க நினைக்கும் ஒவ்வொரு பொருளின் எடைக்கும் நீர் நிரப்பிய கேன்களை அந்தந்த இடத்தில் வைத்து, பின்னால் மூன்று ஆட்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். தளத்து நீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் ஏதோ ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். விலைப்பட்டியலில் டிக் அடித்து வாங்குபவருக்கு இந்தச் சோதனை மனத்தில் எழுவதே இல்லை.

நேரமில்லை என்பவர்களுக்கு என்ன பதில்? ஆக்லாந்தில் இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களில் வார இறுதி என்பது பொன். புதிதாகக் குடியேறிய தமிழர்களுக்கு அது இன்னும் அருமை. கராஜும் கருவிகளும் எல்லாருக்கும் இருப்பதில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் முழுப் படகையும் பொருத்த வேண்டாம். பில்ஜ் பம்பு, வானொலி, விளக்குகள் ஆகிய மூன்றின் கம்பிகளை மட்டும், தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் தாமே இழுத்துப் பொருத்தட்டும். நீர் ஏறினால் வெளியேற்றுவது, ஆபத்தில் குரல் கொடுப்பது, இருட்டில் மற்றவர் கண்ணில் படுவது என உயிர் காக்கும் மூன்று காரியங்களும் அவற்றில் அடங்கிவிடும். பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்சைத் தலைமைச் சுவிட்சுக்கு வெளியே, தனி ஃப்யூஸோடு பேட்டரிக்கு நேரே இணைக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரைக்குப் போன பிறகும் மழைநீரை அது வெளியேற்றியாக வேண்டும். அது ஏன் அப்படி என்று ஒருமுறை புரிந்துகொண்டவர் பின்னாளில் அந்த இணைப்பைத் தெரியாமல் மாற்றிவிடமாட்டார்.

உரிமையாளர் கை வைத்த படகு மறுவிலைக்குப் போகாது என்ற பேச்சும் உண்டு. ஆவணம் இல்லாத வேலைக்குத்தான் விலை விழும், அது பட்டறையில் செய்ததாக இருந்தாலும். ஆகவே இங்குள்ள விற்பனையாளர்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும். முழுக்கப் பூட்டிய படகோடு, எஞ்சினும் எரிபொருள் தொட்டியும் மட்டும் பொருத்தி மற்ற இடங்களைக் காலியாக விட்ட படகையும் வழக்கமான விற்பனைப் பொருளாக வைக்க வேண்டும். எதை வாங்கினாலும் அதனுடன் மூன்று தாள்கள் வர வேண்டும். முதலாவது, ஒவ்வொரு கம்பியின் பருமனும் ஃப்யூஸின் அளவும் குறித்த மின்வரைபடம். இரண்டாவது, தளத்துக்கு அடியில் தொட்டியும் குழாய்களும் எங்கே ஓடுகின்றன, எங்கே துளையிடக் கூடாது என்று காட்டும் படம். மூன்றாவது, பின்பக்கத்திலும் கூரையிலும் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற கணக்கு. அவற்றை நீர்புகாத உறையில் போட்டு ஸ்டீரிங்குக்குக் கீழே ஒட்டிக் கொடுக்கட்டும். அந்த மூன்றும் இல்லாமல் நீட்டப்படும் சாவியை வாங்குபவர் வாங்கக் கூடாது.