லினக்ஸ் நிர்வாகிகளின் கொள்கைப் பிரகடனம்

வங்கியிலும் மருத்துவமனையிலும் கல்லூரியிலும் லினக்ஸ் சர்வர்களைக் கட்டிக் காக்கும் நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெருநிறுவனங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது.

2001இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர். 2016இல் அதே நிறுவனம் லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தது. 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டையே வாங்கிக்கொண்டது. "லினக்ஸா? பழுதானால் யார் பொறுப்பு?" என்று கேட்ட மேலாளர்கள் இன்று சப்போர்ட் ஒப்பந்தம் போட்டு அதைக் கேட்டு வாங்குகிறார்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான். எங்களில் பலருக்குச் சோறு போடுவதே அந்த ஒப்பந்தங்கள்தாம்.

ஆனால் கொடுத்த வாக்கு நிற்கிறதா? ரெட் ஹேட் லினக்ஸின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி உலகெங்கும் சர்வர்களை நிறுவினார்கள். 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மூலநிரல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால்தான் அதற்கு மாற்றாக அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் சில மாதங்களில் எழுந்து நின்றன. 2023 ஜூனில் அந்த வழியையும் ரெட் ஹேட் குறுக்கியது.

லினக்ஸின் அடித்தள மென்பொருள்களின் நிலைமையோ இன்னும் மோசம். 2024 மார்ச்சில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் கள்ளக்கதவு! அதைச் சம்பளமின்றித் தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம், உதவ வந்தவர்போல் ஆண்டுக்கணக்கில் பழகி நுழைந்திருந்தார் ஒருவர். ஃபிராயிண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அதையும் நன்றியோடு பதிவு செய்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது: சப்போர்ட்டுக்கு வாங்கும் பணத்தில் ஒரு பங்கு, இத்தகைய பராமரிப்பாளர்களுக்குச் சம்பளமாகப் போகவேண்டும். வாடிக்கையாளருக்காகச் செய்த திருத்தம் மூலத்திட்டத்துக்கும் திரும்பவேண்டும். ஆதரவு முடியும் தேதியை ஒருமுறை சொன்னால், அதை நீட்டலாம், குறைக்கக் கூடாது. நிறுவனம் கைமாறினாலும் இது செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.

எங்கள் பங்கும் உண்டு. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே லினக்ஸைப் பரிந்துரைப்பதை நிறுத்துகிறோம். கண்ட பிழையை 'ரீஸ்டார்ட்' செய்து மறைக்காமல் மூலத்திட்டத்துக்கு எழுதி அனுப்புவோம்.

உறுப்பினராகச் சந்தா கிடையாது. தங்கள் அலுவலகத்தில் அடுத்த சப்போர்ட் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, கையெழுத்தாகும் முன் இந்தக் கோரிக்கைகளைக் கொள்முதல் அதிகாரியின் மேசையில் வைக்கவேண்டும். அது போதும்.