பெரும்பாடு: பெண்கள் மறைக்கலாமா?

கொல்லிமலையில் வாசலூர்பட்டி அழகான ஊர். ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. மூலிகைக்கும் அந்த மலை பேர் போனது. ஆனால் அங்கே ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்காவிட்டால்? காரவள்ளி வழியாக மலை இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள்! வெட்கம் வேறு. கணவனிடம்கூடச் சொல்லாமல், பட்டைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

தமிழ் வைத்தியத்தில் இந்த நோய்க்குப் பெரும்பாடு என்று பெயர். சீன வைத்தியர்கள் 'பெங் லோ' என்பார்கள். 'பெங்' என்றால் மலை சரிவது. 'லோ' என்றால் ஒழுகுவது. திடீரென்று கொட்டினால் பெங். நாள் கணக்கில் சொட்டினால் லோ. லோவைக் கவனிக்காமல் விட்டால் பெங் ஆகிவிடும் என்று எச்சரித்தார்கள். மழைக் காலத்து மண் சரிவைப் பார்த்த மலைமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரத்தத்தைக் கட்டிக் காப்பது மண்ணீரல். ஓயாத உழைப்பாலும் கவலையாலும் அது தளர்ந்தால் ரத்தம் வழியும் என்பது சீனர் கொள்கை. இன்றைய டாக்டர்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் சீனர் சொன்ன வரிசை நல்ல வரிசை. முதலில் வெள்ளத்தை அடை. பிறகு ஊற்றைச் சரி செய். கடைசியில் இழந்த பலத்தை மீட்டுக் கொடு. மிங் அரசர்கள் காலத்திலிருந்து இதுதான் அவர்கள் பாடம்.

பல வீடுகளில் முதல் வேலையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அது தவறு!

ஊற்று எங்கே இருக்கிறது? கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம். தைராய்டு கோளாறாக இருக்கலாம். கருச்சிதைவாகவும் இருக்கலாம். சில சமயம் புற்றுநோய். நாடி பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது; பரிசோதனை வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு கண்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கஷாயத்திலும் ஏமாற்று உண்டு. அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையை விற்கிறார்கள். பங்களா வாசல்களில் ஈட்டி போல் நிற்கிறதே, அந்த மரம்!

பலத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. அந்த உடம்பிலிருந்து மாதந்தோறும் வெள்ளம் போனால் என்ன மிஞ்சும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசம். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மலை இறங்கும் பஸ்ஸில் மனைவியோடு கணவனும் ஏறட்டும். "எத்தனை நாளாக?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். வீட்டுக் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்தால் பதில் தயாராக இருக்கும்.