இலவசம் எத்தனை ஆண்டுக்கு?

பள்ளிக்கூடத்துக்கு உதவ ஒரு தொழில்நுட்ப நிறுவனம் முன்வந்தால், 'இதில் அவர்களுக்கு என்ன லாபம்?' என்றுதான் முதலில் கேட்கிறோம். லாபம் இல்லாமல் யார் வருவார்கள்? 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் கலிபோர்னியாவில் சுமார் 9,000 பள்ளிகளுக்குத் தலா ஒரு கணினி கொடுத்தது. அதற்கு மாநில அரசு வரிச்சலுகை தந்தது. பிள்ளைகளுக்கும் கணினி கிடைத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது வேறு: கொடுத்தவர் நிபந்தனையை மாற்றினால் பள்ளியின் கையில் என்ன மிஞ்சும்?

கூகுளின் கல்விச் சேவையை எடுத்துக்கொள்வோம். 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமில், ஆசிரியர் ஒரு வினாத்தாளை ஏற்றி 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். வகுப்பு முழுக்கத் தனித்தனிப் படி போய்விடும். யார் எழுதிக் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதும் ஒரே திரையில் தெரிந்துவிடும். நோட்டுக் கட்டுகளை வீட்டுக்குச் சுமந்த ஆசிரியருக்கு இது பெரிய ஆறுதல்.

இதோடு வரம்பில்லாத சேமிப்பிடமும் இலவசமாக இருந்தது. அதை நம்பிப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுத் தரவு, வகுப்புக் காணொளி என்று எல்லாவற்றையும் அங்கேயே குவித்தன. 2021இல் கூகுள் விதியை மாற்றியது: இலவசத் திட்டத்தில் ஒரு கல்வி நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட்தான். 50,000 பேர் கொண்ட பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு 2 ஜிகாபைட் விழும். தனிநபர் இலவச ஜிமெயில் கணக்குக்கோ 15 ஜிகாபைட்! அவகாசம் கொடுத்தே மாற்றினார்கள், உண்மைதான். ஆனால் குவித்ததை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் செலவும் அலைச்சலும் பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழுந்தன.

கருவிகளிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கூகுள் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதை, பள்ளி வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த வகைக் கணினி சந்தைக்கு வந்த காலத்திலிருந்தே எண்ணுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாடலை வாங்கிய பள்ளிக்கு அதன் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும். புகார்கள் பெருகிய பிறகு, 2023இல் இந்தக் காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டினார்கள். விலைப்பட்டியலைப் பார்க்கும் தலைமையாசிரியர் அந்தக் காலாவதித் தேதியையும் பார்ப்பது நல்லது. மாணவர் தரவு எங்கே போகிறது என்பது இன்னொரு கேள்வி. டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் கூகுள் சேவைக்கு 2022இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டதே அதை வைத்துத்தான்.

இவற்றிலிருந்து சற்று விலகி நிற்பது, வலையமைப்புச் சாதனங்கள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமி. பள்ளிகளில் வலையமைப்புச் சாதனங்கள் இருந்தன. பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை. சிஸ்கோ பொறியாளர் ஜார்ஜ் வார்ட் அங்கிருந்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமே அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். அதுவே 1997இல் முறையான பாடத்திட்டமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. பாடம் சிஸ்கோவுடையது, பயிற்சிக்கு வைக்கும் ரவுட்டரும் பெரும்பாலும் சிஸ்கோவுடையதே. நிறுவனத்துக்கு இதிலும் ஆதாயம் உண்டு. ஆனால் ஐபி முகவரியைப் பிரித்துக் கணக்கிடவும், அறுந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவும் கற்ற மாணவர் நாளை எந்த நிறுவனத்தின் ரவுட்டர் முன்னாலும் உட்காரலாம்.