நன்றி கெட்ட நாய்களின் வீடு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். காப்பி ஆறுவதற்குள் மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிடுவார்கள். எங்களைப் பார்த்து, "பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்கள்" என்பார்கள். மகள்கள் இருவரையும் பார்த்து, "அம்மா அப்பாவிடம் என்றைக்கும் நன்றியோடு இருக்க வேண்டும்" என்பார்கள். பிறகு வாசற்படியில் கிடக்கும் இரண்டு நாய்களைக் காட்டி, "நாயைப்போல நன்றியுள்ள பிராணி உண்டா?" என்பார்கள். மூன்றும் அன்பினால் சொல்லப்படுபவை. மூன்றும் தவறானவை என்பது எங்கள் கட்சி. மூன்றாவதை மறுப்பது மிக எளிது என்பதால் நாய்களிலிருந்து தொடங்குகிறோம்.

மூத்தவன் பெயர் கர்ணன். ராஜபாளையம் இனம், வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன வம்சம். 2005-இல் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற இனம். இத்தனை பெருமையும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போய்விட்டது. எங்கள் கர்ணன் பல்லிக்குப் பயப்படுவான். அந்த இனத்தில் சில குட்டிகளுக்கு வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இவனுக்கும் அப்படித்தான். காவலுக்காக வாங்கியவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட, எங்களிடம் வந்தான். காது கேளாத நாய்க்குக் காது என்று பொருள்படும் பெயரை வைத்தவள் பெரியவள். செஞ்சோற்றுக் கடன் என்றாலே நம்மவர்க்கு நினைவில் வரும் பெயரும் அதுதான். எங்கள் கர்ணனிடம் சோறு உண்டு, கடன் கிடையாது.

இளையவன் தெருவில் பிறந்தவன்; பெயர் கலெக்டர். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். பெரியவளுக்கு 2014-இல் நீதிமன்றத்தில் கிடைத்த ஆணை, சின்னவளுக்கு 2023-இல் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைத்தது. அந்த வாரத்தில்தான் இந்தக் குட்டி கேட்டுக்கு அடியில் நுழைந்து, ஒவ்வோர் அறையாகப் பார்வையிட்டு, அடுப்படியில் அமர்ந்தது. பெயருக்கு வேறு ஆலோசனை தேவைப்படவில்லை. சோறு போடும் எங்களைப் பார்த்துக் குரைப்பான். மாதம் ஒருமுறை வரும் சிலிண்டர்காரருக்கு வாலாட்டுவான். வருகிறவர்களின் செருப்பில் இடதுகாலை மட்டும் கடிப்பான். இந்தப் பாரபட்சத்துக்கான காரணத்தை இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, எங்கள் வீட்டு நாய்களிடம் நன்றி என்பது மருந்துக்கும் இல்லை. ஆனாலும் அவை எங்கள் நாய்கள்தாம்.

இப்போது புண்ணியம் என்ற சொல்லுக்கு வருவோம். இந்தியாவில் சட்டப்படி தத்துக்கொடுக்கத் தயாராக உள்ள குழந்தைகளைவிடக் குழந்தைக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பல மடங்கு அதிகம். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் வேண்டியிருந்தன, வரிசையில் நின்றோம், கிடைத்தார்கள். ஆசைப்பட்டுப் பெற்றதைத் தானம் என்று எழுதுவது கணக்கில் சேராது. சற்று வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கதை வேறு. அங்கே காத்திருப்பவர்கள் பிள்ளைகள்தாம். எங்கள் சின்னவள் ஆறு வயதில் வந்தவள். அவள் காத்திருந்த காலத்துக்கு யாராவது நன்றி சொல்ல வேண்டுமென்றால், அது அவளுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதாகவே இருக்கும்.

நம் மொழியைப் பாருங்கள். 'சுவீகார புத்திரன்' என்றால் சட்டத்தில் இடமுண்டு, சொத்தில் பங்குண்டு, கொள்ளி வைக்கும் உரிமையுண்டு. பெண்ணுக்கு அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. 'வளர்ப்பு மகள்' என்பார்கள். கொஞ்சம் கௌரவமாக 'அபிமான புத்திரி' என்பார்கள். காரணம் எளிது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வரும்வரை, தேவதாசிக் குடும்பங்களைப் போன்ற சில சமூக வழக்கங்கள் நீங்கலாக, மகளைத் தத்தெடுக்கச் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை. பிண்டம் போடவும் பெயர் சொல்லவும் மகன் வேண்டும், மகள் எதற்கு? 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்தது, ஆனால் பாதிதான் திறந்தது. அதன் 11-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே மகள் உள்ளவர்கள் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. பெரியவள் இருந்ததால் சின்னவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இளைஞர் நீதிச் சட்டம்தான் அந்தத் தடையில்லாத வேறொரு வழியைத் திறந்தது. எங்கள் வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரே சீப்புக்காகச் சண்டை போடுவதற்கு நாடாளுமன்றம் இத்தனை முறை கூட வேண்டியிருந்தது.

சட்டம் மகனையே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் இலக்கியம் மகள்களையே நினைத்துக்கொண்டிருந்தது. உழுசாலில் கிடைத்தவளை ஜனகன் மகளென்றான். துளசி வனத்தில் கண்டெடுத்தவளைப் பெரியாழ்வார் மகளென்றார். அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் கர்ணனின் பூர்வீகமான ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். எல்லாவற்றிலும் எங்கள் மனத்துக்கு நெருக்கமானவர் கபிலர். பாரி இறந்தபின் அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு இருங்கோவேளின் அவைக்குச் சென்ற கிழவர், தம்மை அவர்களுடைய தந்தையின் தோழன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் இவர்கள் என் மகளிர் என்றும் சொல்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. ஹோமமும் ஆணையும் சாட்சியும் இல்லாத தத்து அது. அந்தப் பெண்கள் நன்றியுடையவர்கள் என்றோ, தாம் செய்தது புண்ணியம் என்றோ கபிலர் எங்கும் சொல்லவில்லை. அவர்களை மணக்க மறுத்த வேளிடம் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். அது ஒரு தகப்பனின் கோபம்.

ஆயினும் இலக்கியத்தின்மீது எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது மகள் கிடைத்த நாளைப் பாடுகிறது, கைப்பிடித்துக் கொடுக்கும் நாளைப் பாடுகிறது, நடுவிலுள்ள சனிக்கிழமைகளைத் தாண்டிப் போய்விடுகிறது. கோதைக்குப் பெரியாழ்வார் தலை வாரிவிட்டாரா? பாரி மகளிருக்குப் பறம்பிலிருந்து இறங்கிய வழியில் காலில் முள் தைத்தபோது கிழவர் என்ன செய்தார்? நமக்குத் தெரியாது. தத்து நடப்பதோ அங்கேதான். ஆணையில் கையெழுத்தாகும் நாளில் நடப்பது பதிவு மட்டுமே.

எங்கள் சனிக்கிழமைகளில் பாடுவதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது பழைய முறை. வெள்ளியைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டதால் அது சனிக்கு நகர்ந்தது. பெரியவளின் சுருட்டை முடியில் சீயக்காய் போக அரைமணி நேரம் ஆகும். எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் சுருட்டை முடி கிடையாது. யார் சாயல் என்று தெருவில் கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை அவளே பதில் சொன்னாள்: "முடி என்னோடது. கோபம் அம்மாவோடது. மூக்கை உறிஞ்சுறது மட்டும் கர்ணனோடது." குளியல் முடிந்ததும் நாய்களின் முறை. கர்ணன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவனை இழுக்கப் போகிறவர்கள் அனைவரும் இரண்டாம் முறை குளிக்க வேண்டும். ஞாயிறு காலை கறிக்கடை வரிசை, எலும்புக்கான பேரம், மாலையில் மாவரைப்பு, இரவு எட்டு மணிக்குத் திடீரென்று நினைவுக்கு வரும் வீட்டுப்பாடம். ஒரு ஞாயிறு, குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் எங்களைக் கிளைகளில் உட்கார வைத்துவிட்டு, வேர் இருக்கும் இடத்தில் இரண்டு நாய்களை வரைந்தாள். வேரைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன என்று விளக்கமும் எழுதினாள்.

அவள் வந்த புதிதில், தெருக்கோடியில் ஒரு வீட்டார் தத்தெடுத்த லாப்ரடாரை, ரொம்பக் கடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று கலெக்டர் உறவினர் ஒருவரின் புதுச்செருப்பை முடித்திருந்தான். "கலெக்டரத் திருப்பிக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டாள். கேள்வி நாயைப் பற்றியது அல்ல என்பது எங்கள் இருவருக்கும் விளங்கிற்று. பிள்ளைகளும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், ஆணைக்கு முன்பே உறவு முறிவதற்கு ஒரு சொல்லையும், ஆணை வந்தபின் ரத்தாவதற்கு வேறொரு சொல்லையும் வரையறுத்து வைத்திருக்கின்றன. இல்லாத ஒன்றுக்கு யாரும் இலக்கணம் எழுதுவதில்லை.

மாட்டோம் என்று சொன்னோம். சொல்லை அவள் நம்பவில்லை. ஆறு வயதுக்குள் அவள் பல சொற்களைக் கேட்டிருந்தாள். அவளை நம்பவைத்தவன் கலெக்டர். வாரந்தோறும் ஒரு குற்றம் செய்தான். வாரந்தோறும் திட்டு வாங்கினான். மாலையில் அதே தட்டில் சோறு வந்தது. ஓராண்டு அவள் இதைக் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தாள் என்று நினைக்கிறோம். பிறகு ஒரு சனிக்கிழமை, எங்கள் கண் முன்னாலேயே, எண்ணெய்க் கிண்ணத்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு நின்றாள். முதல் அடம். திட்டினோம். அழுதாள். ராத்திரி தோசைக்குச் சண்டை போட்டாள். அன்றுதான் அவள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்பது எங்கள் கணிப்பு.

இதனால்தான் நன்றி என்ற சொல்லைப் பார்த்து நாங்கள் பயப்படுகிறோம். பெற்ற பிள்ளைகளுக்கும் அறிவுரைகள் உண்டு. ஆனால் வீட்டில் இடம் கொடுத்ததற்காக நன்றி சொல் என்று யாரும் கேட்பதில்லை. அது விருந்தாளியிடம் எதிர்பார்ப்பது. நன்றியோடு இரு என்று ஒரு குழந்தையிடம் சொல்லும்போது, நன்றி தவறினால் இடமும் தவறும் என்றே அதன் காதில் விழுகிறது. அப்படிக் கேட்ட பிள்ளை அடம் பிடிக்காது, எண்ணெயைக் கொட்டாது, நல்ல பெயர் எடுக்கும். வருகிறவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள். அது வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே வாசலில் நிற்கும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தத்துப்பிள்ளை அந்தப் பெற்றோருக்கே பிறந்ததைப்போல எல்லா வகையிலும் அவர்களுடைய பிள்ளை என்கிறது. வாரிசுரிமையையும் மறக்காமல் சேர்த்திருக்கிறது. கபிலர் ஒரு மூச்சில் சொன்னதைச் சொல்ல நம் சட்டத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆகியிருக்கிறது. இருந்தும் நன்றாகவே சொல்லியிருக்கிறது. நன்றி என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. சட்டமே கேட்காததை நாம் கேட்க வேண்டாம்.